அவருக்குப் பதிலாக இறங்கியவர்

எங்கள் மருத்துவமனையின் அடித்தளத்தில் இரண்டு சின்ன அறைகள் ஒட்டினாற்போல இருக்கும். ஒன்றில் நான் உட்கார்ந்து, ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்வேன். இன்னொன்று எக்ஸ்ரே அக்காவுடையது. நடுவில் இருக்கும் கதவு சரியாக மூடாது. அதனால் பதினாறு வருடமாக வீட்டில் இருப்பவர்களின் குரலைவிட அக்காவின் குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ம், விடலாம்." ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. நானே சில சமயம் தட்டச்சை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

படம் எடுத்து முடிந்ததும் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "என்னம்மா தெரியுது?" மற்ற ஷிப்டில் இருப்பவர்கள் "ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அக்கா மட்டும் சொல்ல மாட்டார். டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார் என்பதோடு சரி. ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். பத்து பேரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பதினோராவது ஆளிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டால், அந்த ஆளுக்கு அங்கேயே விஷயம் தெரிந்துபோய்விடும் என்றார். பொய் சொல்ல வராத மனுஷி என்று அப்போது முடிவு கட்டிக்கொண்டேன்.

அவருடைய கணவருக்கு மீன்தொட்டி வேலை. கடை என்று ஒன்றும் கிடையாது. ஒரு மூன்று சக்கர வண்டி, இரண்டு வாளி, நீளமான ரப்பர் குழாய், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்ட ஒரு தகடு, இவ்வளவுதான் அவருடைய சொத்து. பல் மருத்துவர்களின் காத்திருப்பு அறை, வங்கி, ஹோட்டல் வரவேற்பறை, பணக்கார வீட்டு ஹால் என்று எங்கெல்லாம் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறார்களோ அங்கெல்லாம் வாரம் ஒருமுறை போய்த் தண்ணீர் மாற்றி, காற்றுக் குழாயைச் சுத்தம் செய்து, செத்ததை எடுத்துவிட்டு, இருப்பதற்குத் தீனி போட்டுவிட்டு வருவார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். நீ அவளை அக்கா என்றும் என்னை அண்ணன் என்றும் கூப்பிட்டால் எங்கள் கல்யாணத்துக்கு முறையே இல்லாமல் போய்விடுகிறதே என்று கேலி செய்வார்.

அவர்கள் சந்தித்ததே எக்ஸ்ரே அறையில்தான். அண்ணனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பெரிய தொட்டி ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நெஞ்சில் சுருக்கென்று குத்தியிருக்கிறது. மூச்சு விட முடியாமல் கூனிக்கொண்டு வந்தவரை நிறுத்திவைத்து அக்கா படம் எடுத்தார். இடது நுரையீரலில் எங்கோ ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரல் சுருங்கி ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. விலா இடுக்கில் குழாய் போட்டு ஆறு நாள் வைத்திருந்தார்கள். நுரையீரல் விரிகிறதா என்று பார்க்க ஒருநாள் விட்டு ஒருநாள் படம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு தடவை, "உள்ள எப்படி இருக்கேன்?" என்று கேட்டாராம். டாக்டர் சொல்வார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். கடைசிப் படத்துக்கு நெஞ்சைப் பலகையில் பதித்துக்கொண்டு நின்றவர், "என்னைக் கட்டிக்கறீங்களான்னு கேட்டா, அதையாச்சும் டாக்டரைக் கேக்காம சொல்வீங்களா?" என்றாராம். கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். படம் ஆடிப்போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அக்காவை அவர் 'படக்காரி' என்றுதான் கூப்பிட்டார்.

ஒரே மகள். வளர்ந்து, படித்து, வேறொரு ஊரில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு பழைய பேச்சு உண்டு. சின்ன வயதில் அவளை வண்டியில் உட்கார வைத்துத் தொட்டி கழுவப் போகும்போதெல்லாம் அவர் சொல்வாராம்: "அப்பா இத்தனை வருஷமா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னே பாத்துட்டேன். ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ப் பாக்கணும்." மகள் அதை மறக்கவில்லை. பெற்றோரின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவளும் மருமகனும் சேர்ந்து ஒரு தீவுக்கு நான்கு நாள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். படகு, தங்கும் அறை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாள் கடலுக்கு அடியில் போய் மீன் பார்ப்பதற்கு இரண்டு இடம். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்குவது. நீச்சல் தெரியாதவர்களும் போகலாம், கூடவே பயிற்சியாளர் வருவார் என்று அச்சடித்த தாளில் போட்டிருந்தது.

அண்ணன் அந்தத் தாளை எங்கள் மருத்துவமனைக்கே எடுத்துவந்து எனக்குக் காட்டினார். ஐம்பத்தைந்து வயது ஆள் அதை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார்.

அக்கா மட்டும் அந்தத் தாளைச் சரியாகப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் மூன்றாவது மாடிக்குப் போய் நெஞ்சு நோய் டாக்டரிடம் விசாரித்துவிட்டு வந்தார். ஒருமுறை அப்படி நுரையீரல் சுருங்கியவர்கள் ஆயுசுக்கும் காற்று உருளையோடு இறங்கக் கூடாது, எத்தனை வருடம் ஆனாலும் சரி என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் போய்ச் சொன்னபோது அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் இருபத்தாறு வருடமாகத் தொட்டி தூக்குகிறேன், ஒரு சளிகூடப் பிடித்ததில்லை என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். சரி, நான் மேலே மிதந்தபடி கண்ணாடி மாட்டிக் குனிந்து பார்க்கிறேன், அது போதும் என்றார். மகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், ஆசையாகச் செய்திருக்கிறாள், மனசு கஷ்டப்படும் என்றும் சொன்னார். அதற்கு அக்கா சம்மதித்தார்.

போய் வந்ததை அக்கா என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரங்களில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சமாகச் சொன்னார். நான் கோத்துச் சொல்கிறேன்.

படகில் மூன்று மணி நேரம். அக்காவுக்கு வழியெல்லாம் வாந்தி. அண்ணன் ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் தண்ணீரைக் காட்டி, அங்கே பார் நிறம் மாறுகிறது, அங்கே ஆழம் குறைவு, அடியில் பவளம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். அக்கா பதில் சொல்கிற நிலையில் இல்லை.

கடலடிப் பயணம் நடத்துகிற இடம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உடம்போடு ஒட்டுகிற கறுப்பு ரப்பர் உடுப்புகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. பயிற்சியாளர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். வெயிலில் தலைமுடி செம்பட்டையாகிப் போயிருந்தது. ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று வரிசையாகக் கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. நுரையீரல் சுருங்கியது உண்டா என்ற கேள்வி தனியாகவே இருந்தது. மிதந்து பார்த்தால் போதும் என்றிருந்த அண்ணன் பேனாவை வாங்கி மேலிருந்து கீழே இல்லை, இல்லை, இல்லை என்று கோடு போல இழுத்துக்கொண்டே போனார். அந்தக் கேள்வி வந்தபோதும் பேனா நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவின் முகத்தை ஒரு நொடி பார்த்தார். அவ்வளவுதான்.

அக்கா அங்கே ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று நான் கேட்டேன். "அந்த ஒரு பார்வைதான். இருபத்தஞ்சு வருஷத்துல என்கிட்ட எதையுமே கெஞ்சிக் கேட்டதில்ல அவரு" என்றார்.

முதலில் இடுப்பளவு தண்ணீரில் பாடம். காற்றுக் குழாயின் ரப்பர் முனையை வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது, முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதுவது. தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால் கை ஜாடை. ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வளையமாகச் சேர்த்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கட்டை விரலைத் தூக்கினால் மேலே போக வேண்டும் என்று அர்த்தம். அக்காவுக்கு எல்லாம் குழம்பியது. அண்ணன் ஒரு தடவை காட்டினாலே போதும், தப்பில்லாமல் செய்தார். இடுப்பளவு தண்ணீரில் குப்புறக் கிடந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தால், மகள் பிறந்த அன்றுகூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது என்று தோன்றியதாம். இவ்வளவு நேரம் ஒன்றும் ஆகவில்லையே, டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துவார்கள்தானே என்று அக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு சின்னப் படகில் ஏறிக் கொஞ்ச தூரம் போய் நங்கூரம் போட்டார்கள். உருளையை முதுகில் மாட்டி, வார்களை இறுக்கி, இருவரையும் படகின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுப் பயிற்சியாளர் சொன்னாள்: "மத்ததெல்லாம் மறந்துட்டாலும் பரவாயில்ல. இது ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. மூச்சைப் பிடிக்கவே கூடாது. மேல வர வர உள்ள இருக்கிற காத்து பெருசாகும். பிடிச்சு வச்சா நுரையீரல் கிழிஞ்சுடும்."

வாழ்நாளெல்லாம் மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்லிப் பிழைத்த அக்காவுக்குக் கிழியும் என்ற சொல்தான் காதில் விழுந்தது. மூலையில் சுருண்டு கிடந்த அந்தப் பழைய நுரையீரல், வெள்ளையும் கறுப்புமாக, நேற்று எடுத்த படம் போலக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணன் முகக்கண்ணாடியை இறக்கிவிட்டார். வாயில் கடிக்கும் ரப்பரைக் கையில் எடுத்துவிட்டார்.

"இவருக்கு ஒரு தடவை நுரையீரல் சுருங்கியிருக்கு" என்றார் அக்கா.

பயிற்சியாளர் அண்ணனைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. அவள் கோபப்படவும் இல்லை. மெதுவாக அவர் முதுகிலிருந்த வார்களைக் கழற்றினாள். உருளையை எடுத்துப் படகின் நடுவில் படுக்க வைத்தாள். மன்னிக்க வேண்டும், உங்களை அழைத்துப் போக மாட்டேன், மேலே மிதந்து பார்ப்பதானால் பார்க்கலாம் என்றாள். அண்ணன் தலையை ஆட்டினார். பாரம் இறங்கிய தோள் அப்படியே கூனியபடி இருந்ததாம்.

தானும் போகவில்லை என்று அக்கா வாரைக் கழற்றப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போ."

"எனக்கு எதுக்குங்க? நீந்தக்கூடத் தெரியாது."

"ரெண்டு பேரும் போகலைன்னா பிள்ளைகிட்ட என்ன சொல்றது? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

ஆசையே இல்லாத ஒரு மனுஷி அப்படித்தான் கடலுக்குள் இறங்கினார்.

எட்டு மீட்டர் ஆழம். பயிற்சியாளர் அக்காவின் உருளையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தாள். முதல் நாலைந்து நிமிடம் தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இழுத்தால் ஒரு சத்தம், விட்டால் ஒரு சத்தம். பிறகுதான் கண் திறந்தது. பாறை மாதிரி ஏதோ, அதில் விரல் விரலாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சளாக ஒரு கூட்டம் வந்து, பிரிந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நீலமாக ஒன்று பாறையைக் கடித்தது. கடிக்கிற சத்தம்கூடக் கேட்டதாம். இதற்கெல்லாம் அவருக்குப் பெயர் தெரியும், எனக்குத் தெரியாதே, எப்படிப் போய்ச் சொல்வேன் என்று ஒவ்வொன்றையும் பாடம் படிப்பது போல மனதுக்குள் சொல்லிப் பார்த்தார்: மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கோடு. நீலம், வாய் கிளி மாதிரி. அடுத்தது வந்ததும் முந்தையது மறந்துபோயிற்று.

ஒரு சமயம் அண்ணாந்து பார்த்தார். மேலே தண்ணீரின் மட்டம் வெள்ளித் தகடு மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அதில் படகின் அடிப்பாகம். அதன் பக்கத்தில் கையையும் காலையும் விரித்துக்கொண்டு, முகக்கண்ணாடியோடு குப்புற மிதந்தபடி அண்ணன். இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினார்.

பயப்படவில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல அக்காவுக்குத் தோன்றி, வீட்டில் சொல்வது போலவே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டாள். மேலே போக வேண்டுமா என்று அவளும் கட்டை விரலைத் தூக்கிக் கேட்டாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள் போல என்று அக்கா மறுபடி தூக்கினார். அவ்வளவுதான், அவரைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவந்துவிட்டாள். இருபது நிமிடம் இருக்க வேண்டியது, பதினோரு நிமிடத்தில் முடிந்துபோனது.

படகில் ஏறியதும் விஷயம் தெரிந்து அண்ணன் சிரித்தார். பயிற்சியாளரும் சிரித்தாள். அக்காவும் சிரித்திருக்கிறார். கரைக்கு வரும் வழியில், இன்ஜின் சத்தத்துக்கு நடுவில், அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அண்ணன் சொன்னார்: "சொல்லாம இருந்திருக்கலாம் நீ."

அதன் பிறகு அதைப் பற்றி அவர் அக்காவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்பார் அக்கா. வீட்டுக்கு வந்து ஒரு வாரம், படம் போட்ட மீன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இதுவா, இதுவா என்று பக்கம் பக்கமாகக் காட்டிக் கேட்டார். ஓரத்தில் கோடு என்றாயே, வாலுக்குப் பக்கத்திலா, கண்ணுக்குப் பக்கத்திலா? அக்காவுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினால், அது அந்தக் கடலிலேயே கிடையாது என்பார். ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தை மூடிப் பரணில் போட்டுவிட்டார். மகளிடம், கடைசி நேரத்தில் அம்மா பயந்து என்னைத் தடுத்துவிட்டாள், பழைய நெஞ்சு வலியைச் சொல்லிவிட்டாள் என்று விளையாட்டாகச் சொன்னார். மகள் அதைப் பாதிதான் விளையாட்டாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் போனது. அண்ணனுக்கு இருமல் வந்தது. நாலு வாரம் ஆகியும் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்த கையோடு, பாசி வாசனையோடு எங்கள் அடித்தளத்துக்கு வந்தார். அடுத்த ஷிப்ட் ஆள் வரட்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். "என் படத்தை வேற யாரு எடுக்கறது?" என்று சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். மூச்சை நல்லா இழுங்க என்று அக்காவின் குரல் கேட்டது. அப்படியே பிடிங்க. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. "விடலாமா, படக்காரி?" என்று அவர்தான் கேட்டார்.

திரையில் படம் வந்ததும் முதலில் பார்த்தது அக்கா. வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று. வழக்கம் போல அண்ணன் கேட்டார், என்ன தெரியுது என்று. வழக்கம் போல அக்காவும் டாக்டர் சொல்வார் என்றார். முகத்தைத் துளியும் மாற்றாமல் அதைச் சொன்னதாகத்தான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. வெளியே போகும்போது என் மேஜைப் பக்கம் திரும்பி ஒரு கேலியும் செய்யாமல் போனது அன்றுதான்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான்தான். முதல் வரியில் கட்டி, அதன் அளவு. இரண்டாவது வரியில் அது பரவியிருக்கும் இடங்கள். மூன்றாவது வரியில் கல்லீரல். நாலாவது வரி, வேறொன்றுமில்லை என்று கடந்துபோகிற மாதிரி ஒரு வரி: இரண்டு நுரையீரல்களின் மேல்பகுதியிலும் காற்றுக் கொப்புளங்கள், பல, பெரியவை, நாள்பட்டவை. முதல் வரியில் கட்டி இருக்கும்போது நாலாவது வரியை யார் படிக்கப்போகிறார்கள்?

அக்கா படித்தார். மூன்றாவது மாடி டாக்டரிடம் எடுத்துப்போய்க் கேட்டும் வந்துவிட்டார். இந்தக் கொப்புளங்கள் பல வருடமாக இருப்பவை, இவற்றோடு எட்டு மீட்டர் இறங்கி ஏறியிருந்தால் ஆள் உயிரோடு படகில் ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம் என்று டாக்டர் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் முகத்தில் நான் ஒரு நிம்மதியைத் தேடினேன். இருந்தது. ஒரு நிமிடத்துக்கு இருந்தது.

அண்ணனை எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானும் அக்காவும் அவரைப் பார்க்கப் போனோம். ஜன்னல் ஓரக் கட்டில். மகள் ஒரு பக்கம் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. கட்டியைப் பற்றியோ, எத்தனை நாள் என்பதைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"படக்காரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தப் பழைய விஷயம், இடது பக்கம் சுருங்கினது. ஸ்கேன்ல அதோட தடயம் ஏதாச்சும் இருக்கா?"

அக்கா அவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நாலாவது வரி என் விரல் நுனியில் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் அக்கா.

"ஒண்ணுமே இல்லையா?"

"சுத்தமா ஆறியிருக்கு. நீங்க அன்னைக்கு இறங்கியிருக்கலாம்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வது? படுத்திருந்தவர் தலையணையில் கையை ஊன்றி எழ முயன்றார். நான் அப்பவே சொன்னேன் பார், சொன்னேனா இல்லையா என்று மகளிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் சொன்னார். அடுத்து வந்த நாட்களில் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதே கதைதான். சுருங்கிய என் இடது நுரையீரலுக்கு ஒன்றுமே இல்லை, ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது, இவள் பயந்துபோய் என்னைக் கடலுக்குள் விடவில்லை. நான் இறங்கியிருந்தால் என்னென்ன பார்த்திருப்பேன் தெரியுமா என்று ஆரம்பித்து, இருமல் வந்து நிறுத்தும்வரை மீன் மீனாகச் சொல்வார். நிஜமாகவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆமாம், என் தப்புதான் என்று ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கொள்வார். வந்தவர்கள், பாவம், விட்டிருக்கலாம் நீ என்று அக்காவையே குறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஏழு வாரம் இருந்தார். ஒருநாள் காலை பத்து மணி சுமாருக்கு, மகள் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அக்கா அப்போது கீழே ஒரு பெரியவருக்கு முழங்கால் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன். அந்தப் பெரியவரைப் பலகையிலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டு, அவர் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டுத்தான் மாடிக்கு வந்தார்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கூடியிருந்த வீட்டில், மகள் அழுதுகொண்டே அதைச் சொல்லிவிட்டாள். "அப்பா வாழ்க்கையில ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்மா. நான் அனுப்பி வச்சேன். நீ விட்டிருக்கலாம்." அக்கா, "ஆமாடி, பயந்துட்டேன்" என்றார். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அண்ணன் தொட்டி கழுவிக்கொண்டிருந்த இடங்களுக்கெல்லாம் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். பதினான்கு இடம். இரண்டு விடுமுறை நாள் ஆனது. பல இடங்களில் அவர் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. மீன்காரரா, அடடா என்றார்கள். ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் தண்ணீர் பச்சையாகிப் போயிருந்தது. நாங்கள் பக்கத்தில் போனதும் மீன்கள் எல்லாம் கண்ணாடியோரம் வந்து குவிந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா தொட்டியின் மேல் இருந்த டப்பாவைத் திறந்து இரண்டு சிட்டிகை தீனி போட்டார். வேறு ஆளைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள், இப்படியே விட்டால் தாங்காது என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னார்.

திரும்பும்போது பேருந்தில் எனக்கு அடக்க முடியவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டாம், பெற்ற மகளிடமாவது சொல்லலாமே அக்கா என்றேன். அறிக்கை என் கணினியில் இருக்கிறது, ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன், அவளே படித்துப் பார்க்கட்டும் என்றேன்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"அந்தப் பயணத்தை ஏற்பாடு பண்ணினது யாரு?"

"உங்க பொண்ணு."

"இறங்கியிருந்தா அவரு அங்கேயே போயிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு. நான் வாயைத் திறக்க இன்னும் அரை நிமிஷம் லேட்டாகியிருந்தா, அவ ஆசையா வாங்கிக் கொடுத்ததுலயே அப்பன் போயிருப்பான். அது அவளுக்குத் தெரியணுமா?"

அக்கா வாரை விரலிலிருந்து விடுவித்தார்.

"என் மேல கோபம்னா கொஞ்ச நாள்ல ஆறிடும். அவ மேல அவளுக்கே பயம் வந்தா எப்படி ஆறும்? விடு."

அதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே, நாளைக்குக் காலையில் பத்து எலும்பு முறிவுப் படம் இருக்கிறது, நேரத்தோடு வந்துவிடு என்றார். கீழே இறங்கியவர் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவைக் கடப்பதற்காக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பேருந்து கிளம்பியபோதும் அவர் அங்கேதான் நின்றிருந்தார்.